ஹெட்போன் துடைத்த துணி

சென்னையில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். பெயர் ஷீபா. சொந்த ஊர் நாசரேத் பக்கம். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் ரெக்கார்டு விற்ற ஆள் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், சம்மருக்குக் கேக்கிற மாதிரி சோல், ஃபங்க், ஹிப்-ஹாப் தட்டு கொஞ்சம் நீங்க சொல்லணும். புதுசு எல்லாம் அனுப்பி வைக்கேன், கேட்டுப் பாருங்க. எங்க கடை வெப்சைட்ல உங்க போட்டோவோட போடுவோம்" என்றாள். சரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா கூலா இருக்கணும் அங்கிள். பழைய கதை, சண்டை சச்சரவு எல்லாம் வேண்டாம். வெயில் காலம் பாருங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். வீட்டில், "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் என் பேத்தி வயசு. அவள் அனுப்பிய பாட்டுகளையும் கேட்டேன். நல்ல பாட்டுகள். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் யாருமே கூலாக இருந்து பாடவில்லை. வயிற்றெரிச்சலில் பாடுகிறார்கள். அதை ஏசி அறையில் போட்டுக் கேட்டு, சண்டை வேண்டாம், இசை மட்டும் போதும் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு வந்த கோபம் இல்லை இது. எழுபதுகளில், ஒரு கத்திரி வெயிலில், வேலை பார்த்த கடைக்குள்ளேயே எனக்கு வந்த கோபம்.

நான் பள்ளிப் படிப்பு முடித்ததும் அந்தக் கடையில் சேர்ந்தேன். பெரிய கடைத்தெருவின் முச்சந்தியில் இருந்தது. பெயர் வேண்டாம். கடையில் முக்கால்வாசி சினிமாப் பாட்டும் சாமி பாட்டும்தான். ஓர் ஓரத்தில் இங்கிலீஷ் தட்டு. அட்டையில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த ஓரம் எனக்கு வந்தது. தட்டை விளிம்பில் மட்டும் பிடிப்பது, முள்ளில் சேரும் தூசியைத் தட்டுவது, தட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பது, இதெல்லாம் சில மாதத்தில் பழகிவிட்டது.

புதுத் துறைமுகம் வந்த காலம் அது. கப்பல்காரர்கள் கரைக்கு வந்தால் கையில் இருக்கிற பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். கொழும்புக்குத் தோணியில் போய் வருகிறவர்களும் கொண்டுவருவார்கள். அப்படித்தான் அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு எனக்கு அறிமுகமானது. முதல் தட்டு ஒரு பெண் பாடியது. கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த குரல் என்று கேட்டவுடனே தெரிந்தது. என் அம்மா ஜெபக் கூட்டத்தில் அழுதுகொண்டே பாடுவாள். அதே அழுகை, அதே ரோஷம். அன்றிலிருந்து சோல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோடை வந்தால் என்னிடம் கேட்டுத்தான் தட்டு வாங்குவார்கள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எத்தனை மணிக்குக் கேட்பீர்கள், வீட்டில் ஃபேன் ஓடுமா என்றுதான் கேட்பேன். ஃபேன் சத்தத்தில் மெல்லிய குரல் செத்துப் போகும். அந்த வீட்டுக்கு அடிக்குரல் கனமாக இருக்கிற தட்டாக எடுத்துக் கொடுப்பேன். காலையில் மேல்காற்று அனலாக வீசும்போது எதைப் போட்டாலும் எரிச்சலாகத்தான் இருக்கும், வீண். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். அப்போது ஃபங்க். ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடிக்கிற பாட்டு அது. வேர்வை காய்கிற உடம்பு தானாக ஆடும். விளக்கு வைத்த பிறகு சோல். இதை வேண்டுமானால் ஷீபா எழுதிக்கொள்ளட்டும், இன்றைக்கும் இது சரிதான். ஹிப்-ஹாப் என் காலத்தில் கடைக்கு வரவில்லை. இப்போது கேட்கிறேன். அதற்கு நேரம் காலம் கிடையாது, கோபம் வந்தால் போடலாம்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கடையில் நான் இருந்த வருஷங்களில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. யாரையும் "ராசா", "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கெட்ட வார்த்தை பேசுகிற முதலாளியிடம் வேலை பார்த்துவிடலாம். திருப்பிக் கத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர் சொல்வதெல்லாம் தேன் மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அதில் இருந்த விஷம் தெரியும்.

ஒரு தடவை கண்ணாடி ஷோகேஸில் சோல் தட்டுகளை வரிசையாக வைத்தேன். பாடகர்களின் கறுத்த முகம் பெரிதாகப் போட்ட அட்டைகள். அண்ணாச்சி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, பாட்டு நல்ல பாட்டுதான். அட்டையை மட்டும் அந்தப் பக்கமா திருப்பி வச்சிரு. பொம்பளையாளுவ வந்து போற எடம்" என்றார். திருப்பி வைத்தேன். தட்டு நன்றாக விற்றது.

கடைக்குள் பாட்டுக் கேட்டுப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி அறை உண்டு. நாற்காலி, தட்டுப்பெட்டி, ஹெட்போன். ஹெட்போனுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் துணி தொங்கும், கீழே ஸ்பிரிட் பாட்டில். எல்லோருக்கும் அது தட்டும் முள்ளும் துடைக்க என்று தெரியும். எங்களுக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். சில ஆட்கள் ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால், அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே என்னைப் பார்த்து, "தம்பி, துடைச்சிரு" என்பார். சில ஆட்கள் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். யார் எந்த ஆள் என்று அவர் ஒரு நாளும் விளக்கியதில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதை விளக்க வேண்டுமா என்ன.

முதலில் எனக்குக் கை கூசியது. அப்புறம் ஒரு வழி செய்தேன். யார் கேட்டாலும் துடைத்தேன். ஒரு கஸ்டம்ஸ் அதிகாரி வந்து கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். அவர் கண் முன்னாலேயே ஸ்பிரிட்டை ஊற்றி அழுத்தித் துடைத்தேன். "என்ன மேன், எனக்கென்ன சொறியா?" என்றார். "இல்ல ஸார், கடை வழக்கம்" என்றேன். அண்ணாச்சிக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வழக்கத்தை எல்லாருக்கும் செய்யக் கூடாது. இனிமே பேண்டு செட்டு ஆளுவள உள்ள விடாத. வெளியில நின்னு கேக்கட்டும். வாசல்ல ஸ்பீக்கர் குழாய் போட்டுருக்கோம்லா."

பேண்டு செட்டு ஆள் என்று அவர் சொன்னது சாலமோனை. ஊருக்குக் கடைசியில் இருந்த தெருக்காரன், என் வயசு. டிரம்பெட் வாசிப்பான். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் வாசிப்பார்கள் என்றாலும் அவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை சாவு வீட்டில்தான். அடக்கமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் தடவி வாரிய தலை, கலர் சட்டை, வாய் நிறைய எகத்தாளம். கடைக்குள் என்றால் என்னை அண்ணாச்சி என்பான். தெருவில் என்றால் "வே". "வே ராஜமணி, உங்க முதலாளி எவ்வளவு நல்ல மனுசன் தெரியுமா? நான் போட்ட ஹெட்போனுக்கு மட்டும் குளிப்பாட்டி விடுதாரு" என்பான்.

அவனுக்கு ஒரே ஆசை. துறைமுகத்துப் பக்கம் பெரிய ஆட்களின் கிளப் ஒன்று இருந்தது. கோடையில் சனிக்கிழமை சாயங்காலம் புல்தரையில் டான்ஸ் நடக்கும். நான்தான் போய்த் தட்டு போடுவேன். அந்தச் சனிக்கிழமைகள் தன் பேண்டுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பேருக்காக இல்லை. சாவு ஊர்வலத்தில் வாசிக்கிறவர்கள் செருப்புப் போடக் கூடாது. சித்திரை மத்தியானத்தில் தார் ரோட்டில் வெறுங்காலில் ஊதிக்கொண்டே சுடுகாடு வரை நடக்க வேண்டும். அவன் அப்பாதான் பெரிய டிரம் அடிப்பவர். முந்தின கோடையில் டிரம்மோடு ரோட்டில் விழுந்துவிட்டார். பாடை நிற்காமல் அவரைத் தாண்டிப் போனது. "ஒரே எடத்துல நின்னு வாசிக்கணும் வே. காலுக்குக் கீழ புல்லு இருந்தாப் போதும். எங்க அப்பனை அங்கன உக்கார வச்சு அடிக்கச் சொல்லுவேன்" என்பான்.

கிளப் செகரட்டரியிடம் நேரில் போய்க் கேட்டான். சமையல்காரர்கள் போகும் பின்கேட் வழியாகத்தான் விட்டார்கள். அவர் வாசிக்கக்கூடச் சொல்லவில்லை. "சாவுக்கு ஊதுற வாயி. அதை வச்சு டான்ஸா?" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சாலமோன் அதை என்னிடம் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினான். நான் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திவிட்டான்.

அந்தக் கோடையில் ஒரு கப்பல்காரர் கொடுத்த ஃபங்க் தட்டு ஒன்று வந்தது. பாட்டுக் கிடையாது, வாத்தியம் மட்டும். டிரம்பெட்டும் டிரம்மும் ஒன்றை ஒன்று வம்புக்கு இழுப்பது போலப் போகும். கேட்டதுமே சாலமோன் ஞாபகம் வந்தது. அவனைக் கடைக்குள் விட முடியாது. ஆனால் வாசல் குழாய் என் கையில்தான் இருந்தது. கடற்காற்று எழும்பும் நேரத்தில் தினமும் அதே தட்டைப் போட்டேன். அவனும் அவன் ஆட்களும் எதிரே சோடாக் கடையில் நின்று கேட்டார்கள். அவன் உதடு அசைந்துகொண்டே இருக்கும், விரல் சட்டைப் பொத்தான் மேல் ஓடும். "என்ன தம்பி, ஒரே தட்டு தேயுது?" என்றார் அண்ணாச்சி. "கிளப்புக்கு இதைத்தான் எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஊருக்குப் பழகட்டும்" என்றேன். அது பொய்யும் இல்லை. அந்த வருஷக் கோடைக்கு செகரட்டரிக்கு நான் பரிந்துரைத்த தட்டு அதுதான். வாசலில் நின்று பாதி கேட்டுவிட்டு, பிரமாதம் என்று கையோடு எடுத்துக்கொண்டு போனார். வெயிலில் வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மறந்திருக்கிறார். உப்பு விளைகிற வெயில் எங்கள் ஊர் வெயில். தட்டு சட்டியில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. "ஷிப்ல இருந்து கெஸ்ட் எல்லாம் வாராங்க. இந்த ரெக்கார்டைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். வேற காப்பி இருக்கா?" என்று பதறினார். "ஏற்பாடு பண்ணுதேன் ஸார்" என்றேன். சொல்லும்போதே என் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சாலமோனிடம் போய்ச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. "நல்லதாப் போச்சு. மொதல்ல காது கேக்கட்டும். மூஞ்சியைப் பொறகு காட்டுவோம்" என்றான்.

கிளப்பில் நான் தட்டு போடும் மேஜைக்குப் பின்னால் ஷாமியானாவின் படுதா தொங்கும். அதற்கும் பின்னால் ஜெனரேட்டர் ஷெட். ஐஸ் வண்டி வருகிற கேட் வழியாக அவர்களைக் கூட்டிவந்து படுதாவுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். அவன் அப்பாவுக்கு ஒரு ஸ்டூல். மைக்கைப் படுதாவுக்கு அடியில் தள்ளிவிட்டு வயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். தட்டுப்பெட்டியில் ஏதோ ஒரு தட்டைச் சுற்ற விட்டேன், முள்ளை இறக்கவில்லை. பிறகு காலால் படுதாவை லேசாக உதைத்தேன்.

நான் எத்தனையோ ஆயிரம் பேருக்குத் தட்டு போட்டிருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் பின்னும் என் ஸ்பீக்கரில் வந்ததில்லை. பெரிய டிரம் அடிவயிற்றில் வந்து விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். நடுவில் சாலமோன் தட்டில் இல்லாத ஒன்றை வாசித்தான். டிரம் மட்டும் நடக்க, டிரம்பெட் ஒற்றையாக மேலே ஏறி, உடைந்து, கீழே இறங்கியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முச்சந்தியில் பாடையை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் வாசிக்கும் பகுதி அது. இங்கே அதை ஆட்டத் தாளத்தில் வைத்திருந்தான். செகரட்டரி ஆடியபடியே என் மேஜைக்கு வந்து, "இந்த எடத்தை இன்னொரு தடவை போடும்!" என்று கத்தினார். ஒருவரும் படுதாவுக்குப் பின்னால் பார்க்கவில்லை. அங்கே ஆள் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் செகரட்டரி வந்தார். நல்ல சந்தோஷம். எதிரே சோடாக் கடையில் சாலமோன் நின்றிருந்தான். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, டிரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தான். இன்றைக்குச் சொல்வது என்று பேசி வைத்திருந்தோம்.

செகரட்டரி நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை போட்டீரே, அந்தக் காப்பியைப் போடும். முன்னால நீர் குடுத்ததை விட இது நல்லா கனமா இருந்தது. வேற பிரஸ்ஸிங்கா, வேற எடத்துல அடிச்ச தட்டா?"

"அதுக்குத் தட்டு கிடையாது ஸார்."

"கிடையாதுன்னா? நான் ஆடியிருக்கேன்."

"நீங்க கேட்டது ஆளு ஸார். படுதாவுக்குப் பின்னால நின்னு வாசிச்சாங்க. அங்கன நிக்கான் பாருங்க, சாலமோன். டான்ஸுக்கு வாசிக்கேன்னு கேட்டு முன்னால உங்ககிட்ட வந்தான்லா, அவன்தான். நீங்க திரும்பப் போடச் சொன்ன எடம் அவன் சொந்தமா வாசிச்சது. இனி எல்லாச் சனிக்கிழமையும் அவனையே கூப்பிடலாம் ஸார்."

அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார். "அவனா? எங்க அப்பா பாடைக்கு முன்னால ஊதிட்டுப் போனவன்" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. காதுக்குள் ஏதோ போய்விட்டது மாதிரி விரலால் காதைத் தேய்த்தார். "தட்டு இருந்தா எடுத்துக் குடு. இல்லைன்னா வேற வேலையைப் பாரு."

அதுவரை எனக்குக் கிடைத்த 'நீர்' அத்தோடு போயிற்று. நான் கேட்டேன்: "தட்டுன்னா வேணும், ஆளுன்னா வேண்டாமா ஸார்?" கல்லாவில் இருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "தம்பி, ஐயாவுக்கு வேற ஏதாவது நல்லதா எடுத்துக் காட்டு."

நான் கைகாட்டியதையும் அவர் திரும்பிப் பார்த்ததையும் சாலமோன் தெருவில் இருந்து பார்த்திருக்கிறான். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான். "கூப்பிட்டியளா ஸார்?"

செகரட்டரி கல்லாப் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, கடைக்குள்ள யாரு வேணும்னாலும் வரலாமா?" என்றார். அண்ணாச்சி, "சாலமோன், வெளியில நில்லு ராசா" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

சாலமோன் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. வெளியே போகவில்லை. டிரம்பெட்டைக் கல்லா மேல் வைத்தான். கண்ணாடி அறைக்குள் போய் ஆணியில் இருந்த மஞ்சள் துணியை எடுத்தான், ஸ்பிரிட்டை நன்றாக ஊற்றினான், ஹெட்போனின் இரண்டு காதையும் அழுத்தி அழுத்தித் துடைத்தான். "ஐயா போட்டிருந்தாருல்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "எதையாவது போடும் வே."

நான் முதன்முதலில் கேட்ட, அந்தப் பெண் பாடிய சோல் தட்டைப் போட்டேன். செகரட்டரி வெளியே போய்க் கார்க் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் கேட்டான். முடிந்ததும் ஹெட்போனை மேஜையில் வைத்து, டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு, "வாரேன் வே. மத்தியானம் ஒரு சாவு இருக்கு" என்று போய்விட்டான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கணக்குப் பார்ப்பது போல இருந்தார். பிறகு தலை தூக்காமல், "தம்பி, துடைச்சிரு" என்றார்.

"அவன் போடறதுக்கு முன்னாடியே துடைச்சாச்சு அண்ணாச்சி" என்றேன். மஞ்சள் துணியை எடுத்து அவர் கல்லா மேல் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். திரும்பப் போகவில்லை. பிறகு வேறு கடைகள், கேசட், சி.டி. என்று காலம் ஓடியது. அந்தக் கோடை முழுக்க கிளப்பில் டான்ஸ் நடந்தது. நான் பரிந்துரைத்த சோல், ஃபங்க் தட்டுகளைப் போட்டுத்தான் ஆடினார்கள். சாலமோனின் அப்பா அடுத்த சித்திரையில் மறுபடியும் ரோட்டில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு முன்னால் சாலமோன் வாசித்துக்கொண்டு போனான், வெறுங்காலில்.

சாலமோனும் இப்போது இல்லை. அவன் மகன் ஊதுகிறான். போன வாரம் மத்தியானம் எங்கள் தெரு வழியாக ஒரு சாவு போனது. முச்சந்தியில் பாடையை இறக்கியபோது அதே பகுதியை வாசித்தான், அப்பன் போலவே. குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

ஆகவே ஷீபா, இந்தக் கோடைக்கு என் பரிந்துரை அந்தப் பையனும் அவன் பேண்டும்தான். தட்டு கிடையாது, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். சென்னைக்கு ரயிலில் நானே கூட்டிவருகிறேன். முன்வாசல் வழியாக வருவோம், செருப்புப் போட்டுக்கொண்டு. உங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போன் செய். அவர் வேண்டாம் என்று சொன்னால், என் போட்டோவையும் போட வேண்டாம்.